நெகிழ்ச்சியுடன் குறிப்பிட்டார்

போன வாரம் பாலகோபாலைத் துடியலூர் மில் குவார்ட்டர்ஸில், நான்கு நாற்காலி போட்ட சாப்பாட்டு மேசையில் ஒற்றை ஆளாக உட்கார வைத்துவிட்டு வந்தோம். இந்தச் சனிக்கிழமை காலையிலும் அங்கேதான் இருக்கிறார். எதிரே தட்டு இல்லை. ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. பாலகோபாலுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஸ்ரீ தனகோடி மில்ஸின் மக்கள் தொடர்பு அதிகாரி. அதே மில்லில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் மெஷினில் வேலை பார்த்த அவருடைய மைத்துனன் ஆறுச்சாமிக்குப் போன ஆடியில் வலது கையில் நான்கு விரல்கள் போயின. மெஷினின் மூடி மூன்று வாரமாகக் கழன்று ஓரமாகச் சாத்தி வைத்திருந்தது மில் முழுக்கத் தெரியும். மறுநாள் பேப்பரில், 'தொழிலாளியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று நிர்வாகத்தின் அறிக்கை வந்தது.

எழுதியவர் பாலகோபால். படித்தவள் அவர் மனைவி, ஆறுச்சாமியின் அக்கா, சாமியாத்தாள். படித்து முடித்துப் பேப்பரை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டு, ஒரு பையில் இரண்டு சேலையோடு காரமடைக்குப் பஸ் ஏறிவிட்டாள். தம்பி வீடு அங்கேதான். ஏழு மாதம் ஆகிறது.

இந்த ஏழு மாதத்தில் பாலகோபால் அவளுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். மூன்றிலும் மேலே தேதி. அதன் கீழே, 'பொருள்: வீடு திரும்புதல் தொடர்பாக.' இரண்டாவதில் 'பார்வை: எனது முந்தைய கடிதம்' என்று சேர்ந்துகொண்டது. பதில் வராதபோது அலுவலக நடைமுறைப்படி ஒரு நினைவூட்டல் அனுப்பினார். அதுதான் மூன்றாவது.

இன்று மாலை ஆறரைக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் கோவை மக்கள் தொடர்பாளர் மன்றத்தின் ஏழாம் ஆண்டு விழா. 'ஆண்டின் சிறந்த மக்கள் தொடர்பாளர்' விருது பாலகோபாலுக்கு.

மன்றத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடலாம். உறுப்பினர் படிவத்தின் பின்பக்கத்தில், சேர்ந்தால் கிடைக்கும் வாய்ப்புகள் பதினொன்று அச்சாகியிருக்கின்றன. மாதச் சொற்பொழிவு, பயிலரங்கு, தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தல், மாணவர் பிரிவு என்று போய், பதினொன்றாவதாக 'ஆயுட்கால நட்பு' என்று முடியும். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். சொற்பொழிவுக்கு ஒன்பது பேர் வருவார்கள். 'பின்னர் சிற்றுண்டி' என்று கார்டில் போட்டால் முப்பது. ஜனவரிக் கூட்டத்துக்கு எல்லோரும் தத்தம் கம்பெனிக் காலண்டரோடு வந்து, எல்லோருக்கும் கொடுத்து, கொண்டு வந்த அதே கனத்தைத் திரும்பச் சுமந்துகொண்டு போவார்கள்.

விருதுக்குத் தேர்வுக்குழு உண்டு. ஏற்கெனவே விருது வாங்கியவர்கள்தான் குழு. இன்னும் வாங்காதவர் யார் என்பதுதான் தேர்வு. ஆறு பேர் வாங்கியாயிற்று. இது பாலகோபால் முறை. ஆனாலும் பாராட்டுப் பத்திரத்தில் ஒரு காரணம் எழுதியாக வேண்டுமே. மன்றத் தலைவர் கிருபாசங்கர், பம்புசெட் கம்பெனி ஒன்றின் மக்கள் தொடர்பு மேலாளர், பழைய பேப்பர்களைப் புரட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்: 'ஆலை விபத்தின்போது சமயோசிதமான அறிக்கையால் நிறுவனத்தின் நற்பெயரைக் காத்தமைக்காக.'

ஆறுச்சாமி யார் என்று கிருபாசங்கருக்குத் தெரியாது. தெரிந்தவர் சொல்லவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. விருது வாங்குகிறவரைத் துணைவியாரோடு மேடையேற்றி இருவருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். துணைவியார் இரண்டு வார்த்தை பேச வேண்டும். இதுவரை மேடையேறிய ஆறு துணைவியரும் சரியாக இரண்டே வார்த்தைகள்தான் பேசினார்கள். "ரொம்ப சந்தோசம்."

அதனால்தான் பாலகோபாலுக்கு முன்னால் அந்த வெள்ளைத்தாள்.

மாலையில் நடக்கப்போகும் விழாவின் செய்தியைக் காலையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். 'தலைமை வகித்தார்', 'வழங்கினார்', 'திரளாகக் கலந்துகொண்டனர்' என்று எல்லாம் நடந்து முடிந்ததாகவே இருக்கும். பேப்பர்காரர்களுக்கு வந்து உட்காருகிற வேலை மிச்சம். இருபத்திரண்டு வருடமாகப் பாலகோபால் இப்படித்தான் எழுதுகிறார். அவர் கண்டவரை, எழுதினது நடந்துவிடும். விருந்தினர்கள்கூட மறுநாள் பேப்பரைப் படித்துவிட்டு, இவ்வளவு நன்றாகவா பேசினோம் என்று போனில் நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

பேனாவை எடுத்தார். வழக்கமான நான்கு பத்திகள் தாமாகவே வந்தன. ஐந்தாவது பத்தியில் நின்றது. ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதினார்:

'விருதைத் தம் துணைவியாருடன் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். திருமதி சாமியாத்தாள் பேசுகையில், "என் கணவரின் சொல்லே எங்கள் குடும்பத்துக்குக் கவசம்" என்று நெகிழ்ச்சியுடன் குறிப்பிட்டார்.'

பத்திரிகைச் செய்தியில் தலைவர்கள் வலியுறுத்துவார்கள். சிறப்பு விருந்தினர்கள் சுட்டிக்காட்டுவார்கள். தொழிலாளர்கள் கேட்டுக்கொள்வார்கள். மனைவிகள் நெகிழ்வார்கள்.

இருபத்து நான்கு வருடக் கல்யாணத்தில் அவள் பெயர் எதிலும் அச்சானதில்லை. அழைப்பிதழ்களில் 'திருமதி பாலகோபால்'தான். சாமியாத்தாள் என்ற பெயர் ஆர்ட் பேப்பரில் எடுபடாது என்பது அவருடைய தொழில் அபிப்பிராயம். இன்றைக்குத்தான் முதல்முறையாகப் போட்டார். ஒரு பரிசு கொடுக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு போட்டார்.

*

எட்டரைக்கு மகள் மோகனப்பிரியா ஹாஸ்டலிலிருந்து வந்தாள். பி.காம் கடைசி வருடம். சமையலறையை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு தம்ளர், ஒரு தட்டு, ஒரு கரண்டி, வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது.

"காரமடைக்கு நீங்களே போய்க் கூப்புடலாமில்லீங்கப்பா?"

"நான் பிரஸ்ஸுக்குப் போகோணும் கண்ணு. பன்னெண்டு எடத்துல குடுக்கோணும்."

"அம்மா வருவாங்கன்னு நெனைக்கறீங்களா?"

"அழைப்பிதழ்ல போட்டாச்சே அம்மணி. தம்பதியராகன்னு."

"போட்டாச்சுங்கறது ஒரு பதிலாங்கப்பா?"

பாலகோபால் உள்ளே போனார். ஒரு துணிப்பையை எடுத்து வந்து நீட்டினார். உள்ளே மாம்பழ நிறப் பட்டுச்சேலை. அதன்மேல் நான்கு ஜாக்கெட்.

"எதுக்கு நாலு?"

"எது அதுக்குச் சேருமுன்னு எனக்குத் தெரீல. அவ கட்டிப் பாத்திருக்கறேன். ஜாக்கெட்ட ஆரு கவனிச்சாங்க?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "ஒண்ணு சரியா இருக்குமுல்ல?" என்றார்.

மோகனப்பிரியாவுக்குக் கேட்க வேறு கேள்விகளும் இருந்தன. பையை வாங்கிக்கொண்டாள்.

"என்ன காரணத்துக்கு விருதுன்னு அம்மா கேட்டா என்னங்கப்பா சொல்றது?"

"பொதுவா, சேவைக்குன்னு சொல்லு."

*

பதினொரு மணிக்கு 'அந்திச்சுடர்' அலுவலகம். கௌதமன் என்ற இளைய நிருபர் ஒருவன்தான் இருந்தான்.

"ஏனுங்ணா, இந்தத் தடவ உங்குளுக்கே நீங்களே எழுதிக்கிட்டீங்களாக்கும்?"

"மன்றத்துக்குச் செய்திப் பொறுப்பு நாந்தானே தம்பி. வேற ஆரு எழுதறது? ஏழு மணிக்கு மேல போடோணும், பாத்துக்க."

"நாங்க மூணு மணிக்குத் தெருவுக்கு வர்ற பேப்பருங்ணா. ஏழு மணின்னா எங்குளுக்கு நாளைக்கு."

"அப்ப நாளைக்கே போடு."

"போட்டறலாமுங்ணா."

கௌதமன் நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்றுதான் நினைத்தான். ஆனால் ஒரு மணிக்கு மூன்றாம் பக்கத்தில் பாத்திரக்கடை விளம்பரம் ஒன்று ரத்தாகி, ஒரு ஜன்னல் அளவுக்கு இடம் வெறிச்சென்று திறந்துகொண்டது. கைக்குக் கிடைத்த தாளை எடுத்து அந்த ஜன்னலைச் சாத்தினான். அந்தத் தாளில் எல்லாம் நடந்து முடிந்ததாகத்தான் எழுதியிருந்தது.

*

காரமடையில் தேர் நோம்பி முடிந்து ஒரு வாரம். தெருவில் இன்னும் பந்தல் குழிகள் மூடவில்லை.

மோகனப்பிரியா வந்தபோது சாமியாத்தாள் தம்பியின் சட்டைகளுக்குப் பித்தானைப் பிடுங்கிவிட்டு அமுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இடது கையை மட்டும் நம்பியிருப்பவனுக்குப் பித்தான் போடுவது பெரிய வேலை.

அழைப்பிதழைப் படித்தாள். பையைப் பிரித்தாள். நான்கு ஜாக்கெட்டையும் பார்த்தாள். அவள் வாய் ஓரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனதை மகள் கவனித்தாள்.

"நாலையும் வெச்சு உட்டாராக்கும்?"

"எது சேருமுன்னு தெரீலையாமா."

சாமியாத்தாள் ஒன்றை எடுத்துச் சேலைமேல் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் போட்டாள். அப்புறம் சமையல் முடித்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். மூன்று மணிக்கு முகம் கழுவினாள். மோகனப்பிரியா பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"போயிட்டு வாக்கா" என்றான் ஆறுச்சாமி. "மாமா தனியாத்தான் கெடக்கறாரு. என்னயக் காரணம் வெச்சு எத்தன நாளைக்கு நீ இங்க கெடப்ப?"

"உன்னயக் காரணம் வெக்கல."

"அப்பறம்?"

"அவரு அன்னைக்கு எழுதறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாருன்னா, வேலை போயிருமுன்னு சொல்லியிருந்தாருன்னா, எழுதித் தொலைங்கன்னு நானே சொல்லியிருப்பேன். கேக்கவே இல்லியே." சேலையை உதறினாள். "போயி ஒக்காந்து பாத்துப்போட்டு வாரேன். பேசறதெல்லாம் எனக்கு ஆகாது பிரியா, உங்கப்பங்கிட்டச் சொல்லீரு."

சேலையின் முதல் சுற்றைச் செருகியிருந்தபோது, நாலு மணி பஸ்ஸில் வந்த பேப்பரை ஆறுச்சாமி வாங்கி வந்தான். இடது கையால் அதைத் தொடைமேல் விரித்து, மூன்றாம் பக்கம் புரட்டினான். மாமாவின் பாஸ்போர்ட் போட்டோ அவனைப் பார்த்தது.

"அக்கா... விழா முடிஞ்சு போச்சாட்ட இருக்குது."

"எது?"

அவன் சத்தமாகப் படித்தான். தலைவர் தலைமை வகித்தார். உறுப்பினர்கள் திரளாகக் கலந்துகொண்டனர். 'ஆலை விபத்தின்போது சமயோசிதமான அறிக்கையால்...' அந்த இடத்தில் அவன் குரல் இறங்கியது. நிறுத்தவில்லை. நெகிழ்ச்சியுடன் குறிப்பிட்டது வரை படித்து முடித்தான்.



"நல்லாத்தான் பேசியிருக்கற அக்கா" என்றான் ஆறுச்சாமி. "கவசமாம்."

"நெகிழ்ந்தனாமா?"

"நெகிழ்ச்சியுடன்."

சாமியாத்தாள் செருகிய சுற்றை எடுத்தாள். சேலையை மடித்தாள். மடிப்பு கலையாமல் பைக்குள் வைத்து, நான்கு ஜாக்கெட்டையும் மேலே வைத்தாள்.

"அம்மா, அப்பா பாவம்மா. ஏழு மாசமா ஒத்தத் தட்டுலதான் சாப்புடறாரு."

"பாவந்தான். ஆரு இல்லைன்னா?" என்றாள் சாமியாத்தாள். "ஏழு மாசமா எப்ப ஒரு நல்ல வார்த்த, ஒரு தாக்கல் வருமுன்னு நானுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பொருளுன்னு போட்டு லெட்டரு வருது. இன்னைக்குச் சேலை வந்துச்சு, சரி, மனுசன் இத்தன தூரம் வந்துட்டாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள நான் போயி, பேசி, நெகிழ்ந்தே முடிச்சுப்போட்டேன். எனக்கு அங்க என்ன வேலை இருக்குது இனி? நோட்டுல ஒரு தாளு கிழிச்சுக் குடு பிரியா."

இருபத்திரண்டு வருடம் அந்தச் சாப்பாட்டு மேசையில் எத்தனையோ அறிக்கைகளை அவர் சத்தமாகப் படித்துக் காட்டியிருக்கிறார். இவள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டிருக்கிறாள். முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட வேண்டும், தேவையில்லாதது ஒரு சொல்கூடக் கூடாது என்பதெல்லாம் அவருக்குச் சொந்தமான பாடம். பத்து நிமிடத்தில் எழுதி முடித்தாள்.

பஸ் ஸ்டாப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத். அங்கே ஃபேக்ஸும் உண்டு. பூத் வைத்திருக்கும் சாஜிதா பேகம், அனுப்புகிற தாள் எதுவானாலும் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மெஷினுக்குள் விடுவாள். எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வாள்.

படித்தாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள்.

"இது உங்க ஊட்டுக்காரரப் பத்தியாக்கா?"

"இல்லீங்க. என்னயப் பத்தி."

மெஷின் தாளை மெல்ல இழுத்துக்கொண்டது.

மோகனப்பிரியா பட்டுச்சேலைப் பையோடு தனியாகக் கோயமுத்தூர் பஸ் ஏறினாள்.

*

ஆறரை மணி விழா ஏழுக்குத் தொடங்கியது. ஹாலில் நூற்றைம்பது நாற்காலி. ஆள் இருபத்தாறு. அதில் மூன்று பேர் போட்டோ எடுக்கிறவர்கள், ஒருவர் மைக் செட்காரர்.

முன்வரிசையில் பாலகோபாலுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'திருமதி பாலகோபால்.' அவர் அந்த நாற்காலியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்தது. ஒரு தடவை தண்ணீர் ஜக் வந்தது. ஒரு தடவை தம்பிதுரை வந்தார்.

தம்பிதுரை ஒரு பஸ் கம்பெனியின் மக்கள் தொடர்பாளர். எந்த விழாவுக்கும் நேரத்தில் வராதவர். மூச்சு வாங்க வந்து பாலகோபாலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மணி பேச்சு பிரமாதமுங்க! காந்திபுரத்துல பேப்பரப் பாத்துப்போட்டு, அடடா, விழா முடிஞ்சே போச்சாட்ட இருக்குதுன்னு ஓடியாரேன். பாத்தா இன்னும் குத்துவிளக்கே ஏத்தல!"

"எந்தப் பேப்பருங்க?"

"அந்திச்சுடரு. மூணாம் பக்கம். அம்மணி எங்கீங்க, ஒரு வணக்கம் சொல்லிப்போடறேன்?"

பாலகோபால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டார். மூன்று மணிக்குத் தெருவில் பேப்பர். நாலு மணி பஸ்ஸில் கட்டு. துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை.

அப்போதுதான் கதவு மறுபடி திறந்தது. மோகனப்பிரியா மட்டும் வந்தாள். அப்பாவின் பக்கத்தில் வந்து, சீட்டு ஒட்டிய நாற்காலியில் பையை வைத்துவிட்டு, அதற்கும் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஜாக்கெட் சேரலியா?" என்றார் பாலகோபால். அவருக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"சேந்துச்சுங்கப்பா. கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் பேப்பர் வந்துச்சு."

அவர் பையைப் பார்த்தார். சேலை கடையில் மடித்த மாதிரி இருந்தது.

மேடையில் கிருபாசங்கர் பேச ஆரம்பித்திருந்தார். மக்கள் தொடர்பு என்பது மனங்களை இணைக்கும் பாலம் என்றார். போன வருடமும் பாலம்தான். அதற்கு முந்தின வருடம் ஊடகம் என்று மாற்றிப் பார்த்து, கைதட்டல் வராததால் பாலத்துக்கே திரும்பிவிட்டார். பிறகு பாராட்டுப் பத்திரத்தை வாசித்தார். 'நற்பெயரைக் காத்தமைக்காக' என்ற இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். மோகனப்பிரியா தட்டவில்லை. பாலகோபால் தம் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்திருந்தார்.

மேடையேறினார். ஒரு பொன்னாடை விழுந்தது. கிருபாசங்கர் இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அம்மா வரலீங்களா?" மைக்கில் கேட்டுவிட்டது.

"கொஞ்சம்... ஒடம்பு சரியில்லீங்க" என்றார் பாலகோபால்.

"அடடா. வாங்கியாச்சே, திருப்பி எடுத்துட்டுப் போறதெப்படி?" என்று இரண்டாவதையும் அவர் மேலேயே போர்த்தினார். மாசி வெக்கையில், ஜரிகை கழுத்தைக் குத்த, இரண்டு பேருக்கான மரியாதையைப் பாலகோபால் ஒருவராகச் சுமந்துகொண்டு நின்றார். மூன்று பிளாஷ் அடித்தது.

கிருபாசங்கர் முன்வரிசைக்குக் குனிந்தார். "அம்மணி, அம்மாவுக்குப் பதிலா நீ ரெண்டு வார்த்த பேசீரு. நம்ம மாணவர் பிரிவுக்கே ஒரு தொடக்கமா இருக்கும். நல்ல வாய்ப்பு, உட்றாத."

"அம்மாதான் பேப்பர்ல பேசீட்டாங்களேங்க" என்றாள் மோகனப்பிரியா.

தம்பிதுரை மட்டும் சிரித்தார். பாலகோபால் ஏற்புரை என்று சட்டைப்பையில் வைத்திருந்த இரண்டு பக்கத்தை எடுத்தார். முதல் வரியில், 'என் துணைவியார் இப்போது சொன்னதைப் போல' என்றிருந்தது. தாளை மடித்து மறுபடி வைத்துக்கொண்டார். "நன்றிங்க" என்றார். மன்றத்தின் வரலாற்றில் அவ்வளவு சின்ன ஏற்புரை அதுதான். எல்லோரும் உண்மையாகவே கைதட்டினார்கள். அடுத்தது சிற்றுண்டி.

ஓட்டல்காரப் பையன் வந்து காதில் சொன்னான். "கீழ உங்குளுக்குப் போனுங்க. பேப்பர் ஆபீஸ்ல இருந்து."

*

ரிசப்ஷன் மேசையில் போன். எதிரே சுவர்க்கடிகாரம். ஏழு நாற்பது.

"அண்ணா, கௌதமன். தப்பு எம்பேர்லதானுங். எடம் காலியா இருந்துச்சு, போட்டுப்போட்டேன். இப்ப அதுக்கு ஒரு மறுப்பு வந்திருக்குதுங். காரமடையில இருந்து, ஃபேக்ஸ்ல."

"படி."

கௌதமன் படித்தான்.

"'சனிக்கிழமை அந்திச்சுடரில், விருது விழாவில் நான் பேசியதாக வந்த செய்தி உண்மை அல்ல. நான் அங்கே போகவில்லை. எதுவும் பேசவில்லை. தனகோடி மில்லில் விரல்களை இழந்த ஆறுச்சாமி கவனக்குறைவானவன் அல்ல. மெஷினுக்கு மூடி இல்லை. இதை நான் ஆடி மாதமே சொல்லியிருக்க வேண்டும். சாமியாத்தாள், காரமடை.'"

"அப்பறம்?"

"அவ்வளவுதாங்ணா."

பாலகோபால் எத்தனையோ மறுப்புகளைப் பார்த்தவர். எல்லாவற்றிலும் பாதியை வெட்டலாம். இதில் வெட்ட ஒரு சொல் இல்லை. அவருடைய மேசையில் மோர் ஊற்றிக்கொண்டே கற்றது அது.

"வழக்கப்படி கேக்கறனுங்ணா" என்றான் கௌதமன். "போடட்டுங்களா?"

வழக்கம் என்னவென்றால், மறுப்பு வந்தால் சம்பந்தப்பட்ட மக்கள் தொடர்பாளரை ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர் 'பாத்துக்க தம்பி' என்பார். மறுப்பு குப்பைக்கூடைக்குப் போகும். அடுத்த தீபாவளிக்குப் பேப்பர் ஆபீஸுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் கூடுதலாகப் போகும். இருபத்திரண்டு வருடத்தில் இந்த இரண்டு வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. சொல்ல வாய் தானாகவே குவிந்தது.

மேலே ஹாலில் தட்டுகள் உரசும் சத்தம். ஒரு பொன்னாடை நழுவி ரிசப்ஷன் மேசைமேல் விழுந்தது. அது அவளுக்கென்று வாங்கியது.

"போடு" என்றார்.

"அண்ணா... திங்கக்கிழம மில்லுல பாத்தாங்கன்னா..."

"மூடி இல்லைங்கறது நெசந்தான். போடு கௌதமா."

"சரிங்ணா." அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "ஒண்ணே ஒண்ணுங். வெறுமனே சாமியாத்தாள், காரமடைன்னா படிக்கறவங்களுக்கு ஆருன்னு தெரியாது. பேருக்குப் பக்கத்துல, பாலகோபாலின் மனைவின்னு சேத்துக்கட்டுங்களா?"

பாலகோபால் திரும்பிப் பார்த்தார். மாடிப்படியில் மோகனப்பிரியா இறங்கி வந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அத நான் சொல்ல முடியாது தம்பி. அவளத்தான் கேக்கோணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங், இன்னைக்கு எட்டு மணிக்கே உள்பக்கத்த மூடிருவாங்கண்ணா."

"ஃபேக்ஸ் மேல பூத் நம்பரு இருக்குமே, சொல்லு."

பாராட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார். போனை வைத்துவிட்டு அந்த நம்பரைச் சுழற்றினார். முதல் தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை மணி போனது. ஏழு நாற்பத்தெட்டு.

"பூத்துங்க" என்றாள் சாஜிதா பேகம்.

"ஏனுங்... ஆறுச்சாமி ஊட்டுல, சாமியாத்தாள் இருக்காங்கல்ல. கொஞ்சம் கூப்புட முடியுங்களா? அவசரமுங்க. ஒண்ணு கேக்கோணும். போடறதுக்கு முந்தி கேக்கோணும்."

"ஊடு பக்கத்துலதான். இருங்க, கூட்டியாரச் சொல்லி ஆள் தாட்டி உடறேன்." பூத்துக்கு வெளியே பஸ் ஒன்று நின்று கிளம்பியது காதில் விழுந்தது. "ஆரு கூப்புடறதுன்னு சொல்லட்டுங்க?"

எந்தக் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் எழுதி வைத்திருக்கிற மனிதர், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங், லைன்ல இருக்கறீங்களா? ஆருன்னு சொல்லட்டுங்க?"